ஐந்நூற்று எண்பத்தேழாவது இலை

அன்று கல்யாண மண்டபத்தின் சமையல் கூடத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். தலைமைச் சமையல் துளசிமணி. அவள் வீட்டுக்காரர் அவிநாசியப்பன், டெம்போ ஓட்டுகிறவர், அடுப்பும் அவர் பொறுப்பு. காய் நறுக்கும் ராமாத்தாள். தேங்காய் துருவும் அக்கா தங்கை இரண்டு பேர். பரிமாறுகிறவர்கள் நான்கு பேர். பாத்திரம் கழுவும் மாராயி. பிறகு இலை எண்ணுகிற நான், நாச்சிமுத்து. ஒரு பூனையும் இருந்தது, ஆனால் பந்தியில் உட்காராத எதையும் நான் எண்ணுவதில்லை.

கல்யாணச் சமையலில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதற்கு யாருடைய வாயையும் நம்ப முடியாது. பெண் வீட்டார் ஒன்று சொல்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒன்று சொல்வார்கள். இலை பொய் சொல்லாது. கட்டுக்கு நூறு இலை, பிரிக்கும்போதே கிழிந்ததை ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் கிழிந்த இலையில் யாருக்கும் சோறு போடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. நல்ல இலையில் போட்டது எத்தனை, மீதி எத்தனை என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் துளசிமணியின் குழுவில் அதைத்தான் செய்கிறேன்.

அவளுக்கு அப்போது வயிற்றில் ஆபரேஷன் ஆகித் தொண்ணூற்றொரு நாள். அதற்கு முன் நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தாள். சமையல் கூடத்திலிருந்து பந்திக் கூடத்துக்கு மூன்றே படிகள், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குவாள், முழங்கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று ஆறு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா அவள் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து அனுப்பினார். பசியைக் கிளப்புகிற சுரப்பு பெரும்பாலும் வெட்டியெடுத்த அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் இனிமேல் பசி குறைவாகவே தெரியும் என்றும் சொன்னார். குறையவில்லை, அடியோடு போய்விட்டது. அந்த டாக்டரம்மா நன்றாக இருக்க வேண்டும். நாற்பத்தோராம் நாள் துளசிமணி பாயில் படுத்து, காலை நீட்டி, விடியும் வரை தூங்கினாள் என்று அவிநாசியப்பன் என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அந்தத் தொண்ணூற்றொன்றாம் நாள் காலையில், உலை கொதிக்கிற அண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"யாருக்குப் பசிக்குது?"

எல்லோரும் கையிலிருந்த வேலையைப் பார்த்தார்கள்.

"கேக்கறனில்ல. இந்த ரூமுக்குள்ள ஏழு பேருக்குப் பசிக்குது. வாசம் வருது."

"சாப்பிட்டாச்சுங்க்கா" என்றார்கள் பரிமாறுகிறவர்கள், நான்கு பேரும் சேர்ந்து.

துளசிமணி அவர்கள் அருகில் போய், பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிறவள் போல ஒவ்வொருவராக மோந்து பார்த்தாள். நான்கு பேரும் சாப்பிடவில்லை. தேங்காய் துருவுகிறவர்களில் தங்கை சாப்பிட்டிருந்தாள், அக்கா சாப்பிடவில்லை. மாராயி முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தாள். ஏழாவது ராமாத்தாள்.

"நான் ரெண்டு இட்லி தின்னேன் அம்மிணி" என்றாள் ராமாத்தாள்.

"எப்ப தின்னீங்க?"

"தின்னேன். எப்பன்னு கேட்டா? வியாழக்கெழமைன்னு வெச்சுக்கோ!"

எல்லோரும் சிரித்தோம். துளசிமணி சிரிக்காமல் ஏழு இலை போடச் சொன்னாள், நான் போட்டேன், முகூர்த்தத்துக்கு முன்னால் சமையல்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டது என் கணக்கில் அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. பசிக்கு ஆளுக்கு ஒரு வாசம் என்று துளசிமணி சொன்னாள், கார் டிரைவர்களின் பசி வேர்த்த உள்ளங்கையில் வைத்திருந்த சாவி மாதிரி, நாதஸ்வரக்காரரின் பசி மழையில் நனைந்த தோல் மாதிரி, கல்யாணப் பெண்ணின் பசி புதுத் துணிக்கடைப் பை மாதிரி, மாராயியின் பசி ஆறிப்போன சுண்ணாம்புக் காளவாய் மாதிரி. அரிசி அளப்பதற்கு முன் அவள் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வருவாள், வந்து ஒரு எண் சொல்வாள், அவள் நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னால் பந்தி முடிந்து நான் எண்ணும்போது நானூற்றுப் பன்னிரண்டு இலைதான் இருக்கும். சோறு மீதியாவது நின்றுபோயிற்று. மண்டபத்துக்குப் பின்னால் காத்திருந்த நாய்களுக்கு மட்டும் அதில் வருத்தம், அவற்றுக்கென்று தனியாக ஒரு படி அரிசி கூடப் போட்டாள்.

ஆனால் மூக்கு மண்டபத்தோடு நிற்கவில்லை. வீதியில் நடந்தால் வீடு வீடாக வாசம் வந்தது. எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சுங்களா என்பது, அதற்குப் பதில் ஆச்சுங்க என்பது, உலை வைக்காத வீட்டிலும் ஆச்சுங்க, இரண்டு நாள் கடைப்பக்கம் போகாதவரும் ஆச்சுங்க, இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி அது பதிலாக இல்லாமல் வணக்கம் மாதிரி ஆகியிருந்தது. துளசிமணி அதை அப்படியே விடவில்லை. ஆச்சுங்க என்று சொன்ன ரிட்டயர்டு தபால்காரரை நடு வீதியில் நிறுத்தி, "ஆகலீங்க, நேத்து ராத்திரியும் ஆகலீங்க" என்றாள். அவர் எட்டு நாள் வெளியே வரவில்லை.

ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. சிலர் முகத்துக்குப் போடுகிற பவுடரை வயிற்றுக்குப் போட்டுக்கொண்டார்கள். சிலர் கிராம்பு மென்றார்கள். மேற்கு வீதியில் ஒரு வீட்டில் தினமும் பதினொரு மணிக்குச் சாம்பிராணி போட்டார்கள், அந்த வீட்டில் ஏன் தினமும் வெள்ளிக்கிழமையாக இருக்கிறது என்று ஊரே கேட்டது. சனிக்கிழமை விரதம் இருக்கிற ஒரு டீச்சர் நேராக வந்து, "என்னையும் இல்லாதவங்களோட சேத்துருவியா துளசி?" என்று சண்டைக்கு நின்றார். "இல்லீங்க டீச்சர், விரதப் பசி மூடி போட்ட பாத்திரங்க, அதோட வாசம் வேற" என்றதும் சமாதானமாகிப் போனார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் நாற்பத்து மூன்று பேர் கூடிப் பேசினார்கள். மோந்து பார்ப்பது சரியா தவறா என்று ஒரு மணி நேரம். ஒருத்தர் வீட்டுப் பசி அவர் வீட்டுக்குள் இருக்க வேண்டியது என்றார்கள் சிலர். வாசம் சுவர் தாண்டி வந்தால் மூக்கு என்ன செய்யும் என்றார்கள் சிலர். தபால்காரர் எழுந்து நின்றார், எல்லோரும் அவர் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தோம். "அந்தப் புள்ள என்னைய அவமானப்படுத்திப் போட்டுது. ஆனா அன்னைக்கு மத்தியானம் என்ற வீட்டுக்குச் சோறு வந்துச்சு. அதையும் சொல்லோணுமில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முடிவு இதுதான்: மோந்து பார்க்கலாம், பெயர் சொல்லக் கூடாது.

அன்று முதல் துளசிமணி பெயர் சொல்வதில்லை. என்னிடம் எண் மட்டும் சொல்வாள். "அண்ணா, ரெண்டு இலை கூடப் போடுங்க." நான் போடுவேன், போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன், யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்க மாட்டேன். கல்யாணம் இல்லாத நாட்களில் அவள் வீட்டுப் பின்கட்டில் போட்டேன், ஐந்து, ஒன்பது, ஒரு நாள் பதினான்கு. அவிநாசியப்பன் மூட்டை இறக்குவார், யாராவது காய் கொண்டுவந்து வைப்பார்கள், யார் வைத்தார்கள் என்று அதையும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது துளசிமணி தேய்ந்துகொண்டிருந்தாள். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். எண்பது கிலோ ஆனபோது டாக்டரம்மா கை கொடுத்தார். அறுபத்திரண்டில் போதும், இனி இதைக் காப்பாற்று என்றார். ஐம்பதில் திட்டினார். பசி இல்லாதவளுக்கு நேரம் பார்த்துச் சாப்பிடத் தோன்றவில்லை, ஊரின் பசியெல்லாம் மூக்கில் ஏறி நிற்கும்போது தன் வாயில் ஒரு கரண்டி வைப்பதற்கு அவள் கை வரவில்லை, வைத்தாலும் களிமண்ணைப் போல நாக்கில் கிடந்தது. முடி கொட்டியது. ஒரு நாள் அடுப்பு முன்னால் கண் இருண்டு விழப்போனவளை ராமாத்தாள் பிடித்தாள்.

நாள் ஒன்றுக்கு எட்டு வேளை, வேளைக்கு ஐந்து ஸ்பூன், ஆக நாற்பது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவிநாசியப்பன் என்னிடம் வந்தார்.

"நான் கேட்டா ஆச்சுங்கறா. நீங்க எண்ணிச் சொல்லுங்கண்ணா."

எண்ணினேன். ஒரு நாள் பதினொன்று. ஒரு நாள் ஒன்பது. ஒரு நாள் நான்கு. ஊருக்கெல்லாம் ஆச்சுங்க என்று சொல்லக் கூடாதென்று வைத்தவள், எங்கள் இருவரிடமும் ஆச்சுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் நாற்பத்தாறு கிலோ. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை வரும்போதும் இப்படியே இருந்தால் சேர்த்துப் படுக்க வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்டுவேன் என்று.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அர்த்தநாரி வீட்டுக் கல்யாணம். அவருக்கு ஒரே மகள். வேண்டாம், வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றோம். அவள் கேட்கவில்லை. காலையில் சமையல் கூடத்தில் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்.

"பாரமா இருந்துச்சுண்ணா, வெட்டிப் போட்டாங்க. அந்தம்மாளைக் குத்தம் சொல்லமாட்டேன், படுத்துத் தூங்கறனில்ல. ஆனா ஊர்ல நாய்க்குக்கூடப் பசிக்குது. எனக்குன்னு ஒண்ணு வேணுமுங்க. சின்னதா இருந்தாப் போதும்."

 இலைக்கட்டைப் பிரித்தேன். ஆறு கட்டு, அறுநூறு இலை. கிழிந்தது பதினான்கு, ஒதுக்கிவைத்தேன். நல்ல இலை ஐந்நூற்று எண்பத்தாறு.

பந்திக்கு வரிசை நான்கு, வரிசைக்கு இருபத்தாறு, பந்திக்கு நூற்று நான்கு. ஐந்து பந்தி முடிந்தபோது மணி மூன்று, ஐந்நூற்று இருபது இலை போயிருந்தது. அர்த்தநாரி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லபடியாக முடிந்தது என்றார். துளசிமணி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

"முடியலீங்க. மதிலுக்கு வெளிய முப்பத்தேழு பேரு இருக்காங்க."

"யாரு?"

"பேரு சொல்லமாட்டனுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். கார் டிரைவர்கள், பந்தல்காரர்கள், பஸ் ஸ்டாண்டு ரோட்டில் தார் போடுகிற வடக்கத்தி ஆட்கள், காலை நான்கு மணியிலிருந்து நின்றிருந்த போலீஸ்காரப் பெண்கள் இரண்டு பேர்.

"ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் என்ற புள்ள கல்யாணத்துல எலை போடறதாக்கும்? மொய் வெச்சாங்களா அவங்க?"

"உங்க வீட்டாளுங்கள்ளயும் பத்தொம்பது இருக்குதுங்க" என்றாள் துளசிமணி.

அர்த்தநாரி திரும்பினார். பின்னால் அவர் சம்சாரம் பாக்கியம் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "நான் சாப்பிட்டாச்சுங்க" என்றார் பாக்கியம்.  விருந்துக்கு வந்தவர்கள் எழுந்திருக்கும் வரை வீட்டுக்காரர்கள் உட்காருவதில்லை என்பது பழக்கம், வந்தவர்கள் வந்துகொண்டே இருந்ததால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அந்தம்மாள் உட்காரவே இல்லை.

"பத்தொம்பதுல..." என்று இழுத்தார் அர்த்தநாரி.

"நீங்களும் சேத்தித்தானுங்க" என்றாள் ராமாத்தாள், கத்தரிக்காய்க் காம்பைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே. "பேரு சொல்லக் கூடாதுங்கறது அவளுக்குத்தான், எனக்கில்லீங்க. உங்க வயிறு கத்தறது அந்த மைக்செட்டுக்காரனுக்கே கேக்குது."

அவர் தன் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய், தாரும் புழுதியுமாக நின்றவர்களைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க, வந்து சாப்புடுங்க" என்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கூப்பிடுகிறார் என்பது தெரிந்தது.

முப்பத்தேழு இலை போட்டேன். அவர்கள் எழுந்ததும் பத்தொன்பது இலை போட்டேன், பெண்ணும் மாப்பிள்ளையும் அர்த்தநாரியும் பாக்கியமும் அதில் உட்கார்ந்தார்கள், தார் போடுகிறவர்களில் ஒருவர் வாளியை வாங்கி ரசம் ஊற்றினார். கடைசியாகக் குழுவுக்குப் பத்து இலை. நானும் சாப்பிட்டேன். துளசிமணி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்நூற்று இருபது, முப்பத்தேழு, பத்தொன்பது, பத்து, ஆக ஐந்நூற்று எண்பத்தாறு. நல்ல இலை தீர்ந்துவிட்டது, அவள் காலையில் அளந்த சோறும் அண்டாவின் அடியில் ஒரு கையளவுதான் ஒட்டியிருந்தது.

மணி நாலரை இருக்கும். மைக்செட்டை நிறுத்திவிட்டார்கள். காற்று சுத்தமாக இருந்தது. துளசிமணி எழுந்தாள்.

"அண்ணா, இன்னும் ஒண்ணு இருக்குது."

"இருக்காது அம்மிணி. நான் எண்ணினேன்."

"இருக்குதுங்கண்ணா. சின்ன வாசம். ஊற வெச்ச பச்சரிசியாட்ட."

அவள் தேடினாள். என்னை மோந்து பார்த்தாள், கடைசி வரிசையில் மூன்றாவது இலை நான் என்று சொன்னேன். ராமாத்தாளை, மாராயியை, தன் வீட்டுக்காரரை மோந்து பார்த்தாள். பந்திக் கூடத்துக்குப் போனாள், அங்கேயும் இருந்தது. வாசலுக்குப் போனாள், அங்கேயும் இருந்தது. மணமேடைக்குப் போய்த் திரும்பி வந்தாள், திரும்பி வந்த இடத்திலும் இருந்தது. நாங்கள் பத்துப் பேரும் அவள் பின்னாலேயே போய், அவள் பின்னாலேயே வந்தோம்.

"நீ போற எடத்துக்கெல்லாம் வருதா?" என்றாள் ராமாத்தாள்.

"ஆமாங்க்கா."

"அப்பறம் என்ன ஊரெல்லாம் தேடிக்கிட்டு? அது உன்றதுதான்டி பைத்தியக்காரி!"

துளசிமணி அப்படியே நின்றாள். இரண்டு கையையும் எடுத்து முகத்தின் மேல் வைத்து இழுத்து மோந்தாள். எத்தனை மாதமாகவோ அது அங்கேதான் இருந்திருக்கிறது, ஊர்ப் பசியின் இரைச்சலில் தெரியாமல் இருந்திருக்கிறது, அன்றுதான் மூக்கு எட்டுகிற தூரத்துக்கு வேறு ஒரு பசியும் இல்லை.

"ஆமாங்க்கா" என்றாள். "பசிக்குது."

அவிநாசியப்பன் திரும்பிக்கொண்டு, முன்பே துடைத்து வைத்த அடுப்பை மறுபடி துடைத்தார்.

இலை இல்லை. நான் ஒதுக்கிவைத்த பதினான்கையும் எடுத்துப் பார்த்தேன். கிழிந்த இலையில் நான் யாருக்கும் போட்டதில்லை, அவளுக்கா போடுவேன்? ஒன்றில் கிழிசல் அடிப்பக்கம் இருந்தது. நுனி முழுசாக இருந்தது. அதைக் கத்தியால் நறுக்கி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு இலையாக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்துப் போட்டேன். ஐந்நூற்று எண்பத்தேழு. அண்டாவின் அடியில் இருந்த சோற்றை ராமாத்தாள் சுரண்டி வைத்தாள். பாக்கியம் கல்யாணப் பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்து, ரசத்தைத் தன் கையால் ஊற்றினார். துளசிமணி பிசைந்தாள். வாயில் வைத்தாள். மெல்ல மென்றாள். நான் எண்ணினேன், ஐந்து வாய், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் விட்டு மறுபடி இரண்டு வாய். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். அவள் போட்ட உப்புதான்.

மறுநாள் பசிக்கிறது என்று அவளே சொன்னதும் டாக்டரம்மா குழாயை உறையிலிருந்து எடுக்கவில்லை. இப்போது ஐம்பத்தாறு கிலோவில் நிற்கிறாள். ஆனால் அக்கம் பக்கத்தில் ஒருவர் பசித்திருந்தாலும் அவளுக்குத் தன் பசி தெரிவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதனால் எங்கள் ஊரில் இப்போது சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டால், சாப்பிடாதவர்கள் இன்னும் இல்லீங்க என்கிறார்கள். தபால்காரர்தான் முதலில் அப்படிச் சொன்னவர். கேட்டவர் வீட்டில் உடனே ஒரு தட்டு வைக்கிறார்கள். துளசிமணி சாப்பிட வேண்டுமே என்று ஊரே நேரத்துக்குச் சாப்பிடுகிறது, சாம்பிராணி வீட்டிலிருந்துகூட ஆள் அனுப்பி, இங்கே ஆயிற்று, அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று தகவல் வருகிறது.

அன்று அவள் சாப்பிட்டு முடித்து, உறவு நிலைக்கட்டும் என்று இலையைத் தன் பக்கமாக மடிக்கப் போனாள். கொஞ்சம் பொறு அம்மிணி என்று சொல்லி, குனிந்து எண்ணினேன்.

மீதி ஏழு பருக்கை.